15,000 ரூபாய்க் கதை: முதலாளிகளிடமிருந்து பாடம் எடுப்பது எப்படி?

எங்கள் ஏஜென்சியில் லைனுக்குப் போகும், அதாவது கடை கடையாகப் போய்ச் சரக்கு போட்டுப் பணம் வசூலிக்கும் தம்பி ஒருவன், போன மாதம் ஒரு சாயங்காலம் கலெக்‌ஷன் பணத்தை எண்ணி ஒப்படைத்த பிறகும் கிளம்பாமல் நின்றான். "அண்ணே, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். சொந்தமா பினாயில் போட்டு விக்கப் போறேன்" என்றான். சரி, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "60,000 இருக்குண்ணே. ரங்கநாதன் சார் 15,000-லதானே ஆரம்பிச்சாரு?"

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். சி.கே. ரங்கநாதன் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு தொழிலிலிருந்து வெளியே வந்து, 1983-இல் 15,000 ரூபாயோடு இதே கடலூரில் சிக் இந்தியா என்ற ஷாம்பு கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் 1998-இல் கவின்கேர் ஆனது. கல்லூரி ஆண்டு விழாவாகட்டும், வியாபாரிகள் சங்கக் கூட்டமாகட்டும், மைக்கைப் பிடிக்கிறவர் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். நானும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பையன் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும்? அதை யாரும் சொல்வதில்லை.

நான் சிப்காட்டில் 11 வருடம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவன். அப்புறம் 9 வருடமாகத் திருப்பாதிரிப்புலியூரில் சோப்பு, ஷாம்பு ஏஜென்சி. தம்பிக்கு உட்கார வைத்துச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கடை போடப் போகிறவருக்கு மட்டுமல்ல, மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு பத்துப் பேரிடம் வேலை வாங்குகிறவருக்கும் இது உதவும்.

முதல் படி: ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள்

ரீல்ஸைத் தள்ளினால் நாளைக்குப் பத்து முதலாளி வருவார்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்வார்கள். ஒருவர் நாலு மணிக்கு எழுந்திரு என்பார், இன்னொருவர் நன்றாகத் தூங்கு என்பார். ஆறு மாதத்துக்கு ஒரே ஆள் போதும். அதுவும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் வேலை நடந்தவராக இருந்தால் நல்லது. அவரிடம் சரக்கு எடுத்தவர், அவரிடம் வேலை பார்த்தவர் என்று யாராவது ஒருவர் டீக்கடையில் அகப்படுவார். மேடையில் சொல்லாத பாதிக் கதை அவரிடம்தான் இருக்கும்.

நம் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. பாண்டியில் திலீப் கபூர் 1978-இல் இரண்டு பேர் பட்டறையாக ஆரம்பித்ததுதான் ஹைடிசைன் தோல் பைகள். கடலூரிலிருந்து பாண்டி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதன் நிறுவனரான டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் இருந்தார். தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் (பழுப்பு நிலக்கரி) வந்ததைப் பார்த்து, மண்ணை மூடிவிட்டுப் போகாமல் சர்க்கார் வரைக்கும் கொண்டுபோனவர். யாரை எடுத்தாலும் சரி, ஒருவரை மட்டும் எடுங்கள்.

இரண்டாம் படி: கதையைக் கணக்காக மாற்றுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு நோட்டில் இடது பக்கம் அவர் கணக்கு, வலது பக்கம் உங்கள் கணக்கு.

ரங்கநாதனே சொன்ன விவரங்கள் இவை. வீடும் ஆபீசும் சேர்ந்த இடத்துக்கு மாத வாடகை 250 ரூபாய், அட்வான்ஸ் 1,000. பாக்டரிக்கு இன்னொரு இடம், வாடகை 300, அட்வான்ஸ் 1,200. ஷாம்பு பாக்கிங் மெஷின் 3,000. கூட்டினால் இரண்டு அட்வான்ஸும் மெஷினும் 5,200 ஆகின்றன. மீதி 9,800. மாத வாடகை இரண்டும் சேர்த்து 550. அதாவது ஒரு சாஷே (சின்ன ஷாம்பு பாக்கெட்) கூட விற்காவிட்டாலும், வாடகைக்கு மட்டும் அந்த மீதி ஏறக்குறைய ஒன்றரை வருடம் தாங்கும்.

தம்பியை அவன் கணக்கைப் போடச் சொன்னேன். அவன் பார்த்து வைத்திருந்த ஷெட்டுக்கு அட்வான்ஸ் 30,000, வாடகை 5,000. டிரம், கேன், லேபிள் 12,000. மீதி 18,000. மூலப்பொருள் வாங்குவதற்கு முன்பே மூன்றரை மாத வாடகைதான் கையில் நிற்கிறது. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் ஊரில் எதையும் பவுனில் பார்த்தால்தான் புரியும். 1983-இல் ஒரு பவுன் சுமாராக 1,500 ரூபாய். அப்படியானால் 15,000 என்பது ஏறக்குறைய 10 பவுன். இன்றைக்கு 60,000-க்கு ஒரு பவுன் முழுசாக வராது. "அவர் வெறும் 15,000-ல் ஆரம்பித்தார்" என்று மேடையில் சொல்லும்போது அந்த 'வெறும்' என்ற வார்த்தைதான் பையன்களை ஏமாற்றுகிறது.

ரூபாயில் வராத முதலையும் எழுதுங்கள். அவர் ஷாம்பு வீட்டிலேயே வளர்ந்த பையன். அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன், பவுடரை டப்பாவில் மட்டும் விற்ற காலத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டவர், ஷாம்புவை சாஷேயில் அடைத்தவர். கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் பேச்சு. எந்தச் சரக்கு எங்கே கிடைக்கும், கடைக்காரர் எதற்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் மகனுக்குச் சாப்பாட்டு இலையிலேயே தெரிந்திருக்கும். சிக் என்ற பேரே அப்பாவின் பேரிலிருந்து வந்ததுதான். தம்பியின் வலது பக்கத்திலும் இப்படி ஒன்று இருந்தது. கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுனில்) 140 கடைக்காரர்களுக்கு அவனைப் பேர் சொல்லித் தெரியும். அவன் அதை எழுதவே இல்லை. நான்தான் எழுதினேன்.

மூன்றாம் படி: எது இல்லாததால் அந்த யோசனை வந்தது என்று பாருங்கள்

முதலாளி செய்ததை அப்படியே செய்தால் பெரும்பாலும் கையைச் சுடும். இது என் சொந்த அனுபவம்.

சிக் ஷாம்புவின் காலி சாஷே திட்டம் பிரபலம். எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச காலம் கழித்து, சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனது என்று ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். ஏஜென்சி ஆரம்பித்த புதிதில் எனக்கு இது வேதவாக்கு. பாத்திரம் துலக்கும் சோப்பு ஒன்று நகராமல் கிடந்தது. ஐந்து காலிக் கவர் கொடுத்தால் ஒரு சோப்பு இலவசம் என்று கம்பெனியைக் கேட்காமல் நானே ஸ்கீம் போட்டேன்.

பத்தாம் நாள் ஒரு கடையிலிருந்து சாக்கு மூட்டை வந்தது. பிரித்தால் குப்பைமேட்டு வாடை. தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பொறுக்க வைத்திருக்கிறார் கடைக்காரர். கவரில் சாம்பலும் தேங்காய் நாரும் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணி முடிக்கவே ஒரு நாள். நாலாயிரத்துச் சொச்சம் நஷ்டம். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என்ன சார், கவரு ஸ்கீம் ஏதும் உண்டா?" என்பார்.

எங்கே தவறினேன்? சிக் அன்றைக்குப் புதுப் பேர். பெரிய கம்பெனி மாதிரி விளம்பரத்துக்குக் கொட்டப் பணம் இல்லை. ஏற்கனவே வேறு ஷாம்பு போடுகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும், அவர் தலைக்கு ஒரு தடவையாவது சிக் போய்ச் சேர வேண்டும். காலி சாஷே அந்த இரண்டு வேலையையும் ஒரே செலவில் செய்தது. ஷாம்பு போட்டே பழக்கமில்லாத கிராமத்தில் அவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ஒரு பையனை நிறுத்தி, தலைக்குப் போட்டுக் குளிப்பாட்டி, கூட்டத்தைத் தொட்டுப் பார்க்கவும் மோந்து பார்க்கவும் சொன்னார்கள். என் சோப்பின் பிரச்சினையோ வேறு. அது தண்ணீரில் சீக்கிரம் கரைகிறது. அதற்குக் கவர் என்ன செய்யும்?

ஆகவே நோட்டில் எழுத வேண்டிய கேள்வி, 'அவர் என்ன செய்தார்' அல்ல. 'அன்றைக்கு அவரிடம் எது இல்லை, அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தினார்' என்பதுதான்.

இதே கேள்வியை அரவிந்த் மருத்துவமனையிடம் கேட்டால் வேலையில் இருப்பவர்களுக்கு நேரடியான பதில் கிடைக்கும். கண்புரை நோயாளிகள் ஏராளம், அறுவை மருத்துவர் குறைவு. ஆகவே மருத்துவரின் நேரத்தைத்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கனமாகச் செலவழித்தார்கள். தியேட்டரில் இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார், மருத்துவர் திரும்பினால் போதும். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மற்ற எல்லா வேலையையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு முறை அம்மாவுக்குப் புரை எடுக்கத் தவளக்குப்பம் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, என் பழைய ஷிப்ட்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பிளான்ட்டில் பம்ப் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் பிட்டர் ஒருவர் இருந்தார். நாளில் மூன்று மணி நேரம் அவரை பர்மிட் எழுதவும் ஸ்டோரில் நின்று போல்ட் வாங்கவும் அனுப்பிக்கொண்டிருந்தேன். உங்கள் செக்‌ஷனில் அந்த ஆள் யார், அவர் இன்று காலை என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதிப் பாருங்கள்.

நான்காம் படி: நேரில் பார்த்தால் கேட்க வேண்டியது

உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டால் உழைப்பு, கடவுள் அருள், பெற்றோர் ஆசி என்று பதில் வரும். பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு உதவாது. "முதல் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தபோது எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள். "எந்தச் சரக்கைத் தூக்கிப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். நடுவில் நீங்கள் உங்கள் கதையைச் சொல்லாமல் இருந்தால் இன்னும் அரை மணி நேரம் பேசுவார்.

ஐந்தாம் படி: வேலையை விடாமலே ஒரு மாதம் பாருங்கள்

மூன்றாம் படியில் கிடைத்ததை உங்கள் கைக்கு அடங்கிய ஓர் இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு ஷிப்ட், ஒரு லைன், ஒரு கவுண்டர், அவ்வளவுதான். முன்னால் இருந்த நிலவரத்தை எண்ணாக எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் "நல்லாத்தான் போகுது" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

கடைகளுக்குக் கடனில் சரக்கு போட என்னிடம் பணம் இல்லாத ஒரு காலம் இருந்தது. ஓ.டி. துறைமுகப் பக்கம் பெட்டிக்கடைகளில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் மூன்று மணிக்கு லைன் போவோம், கல்லாவில் காசு இருக்காது. "நாளைக்கு வாங்க தம்பி" என்பார்கள். இந்தத் தம்பிதான் சொன்னான்: "அண்ணே, படகு வந்து ஏலம் முடியற நேரத்துல போகலாம்." ஒரு திங்கட்கிழமை நானும் கூடவே போனேன். காலை ஒன்பதரை. கடைக்கார அக்கா கல்லாவைத் திறந்தார், ஈர நோட்டு, மீன் வாடை. எண்ணிக் கொடுத்துவிட்டு, "காலையிலயே வந்தா குடுக்கப் போறேன். நீங்க மூணு மணிக்கு வந்து நின்னா, அதுக்குள்ள சீட்டுக்காரன் வாங்கிட்டுப் போயிடறான்" என்றார். மேலே தொங்கிய ஷாம்புச் சரத்தில் ஆறே ஆறு மிச்சம். அன்றைக்கு இரண்டு சரம் ரொக்கத்துக்கு எடுத்தார். அந்த லைனில் பாக்கி ஒரே மாதத்தில் பாதியாகக் குறைந்தது. லைன் நேரத்தை மாற்றியதற்கு எனக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை. இரண்டு வருடம் மூன்று மணி வெயிலில் அவனை அலைய விட்டவன்தான் நான்.

ஆறாம் படி: ஆட்களை நடத்துவது

இதில் முதலாளிகளின் பேச்சைக் குறைவாகவே நம்புங்கள். தங்களிடம் வேலை பார்த்தவர்களைப் பற்றி எல்லா முதலாளியும் நல்லதாகத்தான் சொல்வார். எதிர்ப்பக்கக் கதையையும் படிக்க வேண்டும். பாண்டியில் 1936 ஜூலை 30 அன்று, 8 மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகுதான் பிரெஞ்சு இந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. ஷிப்ட் போடுகிற ஒவ்வொருவருக்கும் இந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் கதை ஒன்று. 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மூன்றாம் நாள் நான் ஆட்களுக்கு, வராவிட்டால் ஆப்சென்ட் போடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். பாதிப் பேர் வந்தார்கள். ஒருவர் வந்து ஒன்றும் பேசாமல் வேலை பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் வேறொருவர் சொல்லித்தான் தெரியும், அவர் வீட்டுக் கூரை முழுசாகப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள் என்று. எங்கள் மேனேஜர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை டிவிஎஸ் பிப்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு வீடாகப் போனார். சாய்ந்த மரத்தைத் தாண்டித் தாண்டிப் போனோம். ஓடு போனதா, கூரை போனதா, அரிசி இருக்கிறதா என்று என்னையே எழுத வைத்தார். யாரை எப்போது வரச் சொல்வது என்பதை அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்தோம். எனக்கு அதற்கப்புறம் ஒரு பழக்கம்: யாராவது தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் போன் போடுவதில்லை, வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தக் கூரை போனவர் கடைசி வரை என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

ஏழாம் படி: காகிதத்தை ஒழுங்காக வையுங்கள்

கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ரங்கநாதன் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அடமானம் வைக்க ஒன்றும் இல்லாததால் முதல் வங்கிக் கடன் கிடைக்க அவருக்கு மூன்று வருடம் ஆயிற்று. கிடைத்தது 25,000. விண்ணப்பத்தில் அந்த வங்கி மேனேஜர், இவரிடம் ஈடு ஒன்றும் இல்லை, ஆனால் மற்ற சிறு தொழில்களைப் போல் இல்லாமல் இவர் வருமான வரி கட்டுகிறார் என்ற கருத்தில் குறிப்பு எழுதினாராம். வரிச் சீட்டே ஈடாக நின்றது.

இன்றைக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஆன்லைனிலேயே முடியும். சிறு தொழில்களுக்கான அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 வரை ஈடு கேட்கமாட்டார்கள். மானியக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள், புரோக்கர் வேண்டாம். சம்பளத்தில் இருப்பவருக்கும் காகிதம் உண்டு: வருமான வரித் தாக்கல், பி.எப். கணக்கு, நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்-பின் எண்கள். இன்டர்வியூவில் "டீமை நன்றாக நடத்தினேன்" என்பவரைவிட, "ரிஜெக்‌ஷன் 6-லிருந்து 4 சதவீதமானது" என்பவர் பக்கம்தான் காது திரும்பும்.

எட்டாம் படி: விடுவதா, இருப்பதா

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரங்கநாதன் இருபதுகளில் வெளியே வந்தார், வெங்கடசாமி 58-இல். அந்த நோட்டை மறுபடி எடுத்து மூன்றை மட்டும் பாருங்கள். ஒரு ரூபாய் வராவிட்டாலும் எத்தனை மாதம் தாங்கும்? முதல் பத்து வாடிக்கையாளரின் பேர் சொல்ல முடியுமா? வீட்டில் யாருக்குத் தெரியும்? மூன்றாவதை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். மனைவிக்கோ அம்மாவுக்கோ தெரியாமல் ஆரம்பித்த தொழிலில், முதல் நஷ்டத்தை மறைப்பதிலேயே பாதிச் சக்தி போய்விடும்.

தம்பிக்கு இரண்டாவது கேள்வியில் பத்து இல்லை, நாற்பது பேர் இருந்தது. முதல் கேள்வியில்தான் இடித்தது. ஷெட் வேண்டாம், ஆறு மாதத்துக்கு வீட்டுக் கொல்லையிலேயே கலந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விற்றுப் பார்க்கிறேன் என்றான். என் வேனைக் கேட்டான். டீசல் அவன் செலவு என்று பேசி முடித்தோம். வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

நேற்றுக் காலை வந்தான். "அம்மாகிட்ட சொல்லிட்டேண்ணே. கொல்லையில வேணாம், ஆட்டுக்குட்டி நாத்தத்துக்கு ஒத்துக்காதுங்குது. மாடியில போட்டுக்கச் சொல்லுது." அட்வான்ஸ் எவ்வளவாம் என்று கேட்டேன். மாசம் ரெண்டு லிட்டர் பினாயிலாம்.